தட்டில் இருந்த ஊசி

அவசர சிகிச்சைப் பிரிவில் அவளை எல்லோரும் பெரிய சிஸ்டர் என்றுதான் கூப்பிடுவார்கள். உருவத்தில் ஒன்றும் பெரியவள் இல்லை, குரல்தான் பெரியது. ஸ்ட்ரெச்சர் உள்ளே வரும்போது அவள் போடும் ஒரு சத்தத்தில் வழி தானாகப் பிறக்கும். "நீ ரகசியம் சொன்னா மாடி வீட்டுக்காரங்க பதில் சொல்றாங்க" என்பார் கணவர்.

அந்தக் குரல் கொஞ்ச நாளாக அடங்கிப் போயிருந்தது. காரணம் சுருட்டை முடி டாக்டர். கெட்டிக்காரர், ஆனால் மூக்கு நுனியில் கோபம். நெஞ்சுவலி என்று வந்த ஒருவரைப் பார்த்து, "வாயுத் தொல்லை மாதிரி தெரியுது டாக்டர்" என்று இவள் வாயை விட்டுவிட்டாள். அது மாரடைப்பு. டாக்டர் சரியாகத்தான் கண்டுபிடித்தார். ஆனால் நோயாளியின் வீட்டார் அத்தனை பேர் முன்னாலும், "உங்க வேலை எதுவோ அதை மட்டும் பாருங்க சிஸ்டர்" என்று வெடித்தார்.

தப்பு தன் பக்கம் என்பதாலேயே அவளுக்கு ஆறவில்லை. அன்றிலிருந்து கேட்டதற்கு மட்டும் பதில். "பிரஷர்?" என்றால் எவ்வளவு என்று சொல்வாள், அதோடு சரி. அவரும் அவள் முகத்தைப் பார்க்காமல் சுவரைப் பார்த்து உத்தரவு போடப் பழகிவிட்டார்.

அப்படிப்பட்ட ஒரு மத்தியானம், மொட்டை மாடியில் துணி காயப்போடும்போது குளவி கொட்டிய ஒரு பெண்ணைத் தூக்கிக்கொண்டு வந்தார் அந்தப் பெண்ணின் கணவர், லிஃப்ட் ரிப்பேர் பார்ப்பவர். உதடும் கண்ணும் வீங்கி, மூச்சு விசில் அடித்தது. அடுத்த கட்டிலில் விபத்தில் சிக்கியவர் அலறிக்கொண்டிருந்தார். டாக்டர் குளவி கொட்டிய பெண்ணின் முதுகில் ஸ்டெதாஸ்கோப்பை வைத்தபடி, "தொடையில அட்ரினலின் ஊசி போடுங்க" என்றார். யாரைப் பார்த்தும் சொல்லவில்லை.

கண்ணாடி போட்ட இன்னொரு நர்ஸ் மருந்தை ஊசியில் ஏற்றித் தட்டில் வைத்தாள். நோயாளியின் பக்கத்தில் இருப்பது பெரிய சிஸ்டர்தானே, அவளே போடுவாள் என்று நினைத்து விபத்துக்காரரிடம் ஓடினாள். பெரிய சிஸ்டரோ டிரிப்புக்கு நரம்பு தேடிக் குனிந்திருந்தாள். ஊசியைக் கண்ணாடிக்காரி போட்டிருப்பாள் என்று எண்ணிக்கொண்டாள்.

பெண்ணின் உதடு நீலம் பூத்தது. "ஊசி போட்டும் கேக்கலையே!" என்று டாக்டர் தொண்டைக்குள் டியூப் இறக்கத் தயாரானார்.

அப்போதுதான் நிமிர்ந்த பெரிய சிஸ்டர் தட்டைப் பார்த்தாள். ஊசியில் மருந்து அப்படியே இருந்தது. நாக்கு நுனிவரை வந்த வார்த்தை நின்றது. வேண்டாம் என்று அவரே சொல்லியிருப்பாரோ? கேட்டால் திரும்பவும் எரிந்து விழுவாரோ? ஒரு மூச்சு நேரம் இருக்கும். பிறகு பழைய குரல் அவளை மீறி வந்தது.

"டாக்டர், ஊசி இன்னும் போடல!"

அவர் திரும்பிப் பார்த்த பார்வையில் கோபம் இல்லை, பயம்தான் இருந்தது. "போடுங்க, நீங்களே போடுங்க!"

போட்டாள். டியூபும் இறக்க வேண்டியதாயிற்று. அந்தப் பெண் இரண்டு நாள் இயந்திரத்தின் தயவில் மூச்சுவிட்டு, பிறகு கண் விழித்தாள்.

அந்த இரண்டு நாளும் லிஃப்ட்காரர் இவர்களைப் பார்க்கும்போதெல்லாம் கையெடுத்துக் கும்பிட்டார். பெரிய சிஸ்டருக்கு அதைத் தாங்க முடியவில்லை. கை கழுவும் இடத்தில் டாக்டரைப் பிடித்தாள்.

"ஊசியப் பாத்ததும் நான் சொல்லல டாக்டர். கொஞ்சம் யோசிச்சேன்."

"ஏன்?"

"உங்க மேல கோவம். பயமும்தான்."

தண்ணீர் ஓடிக்கொண்டே இருந்தது. "ஊசி போடுங்கன்னு நான் யார்கிட்ட சொன்னேன்னு எனக்கே தெரியல" என்றார் அவர். "அன்னைக்கு அத்தனை பேர் முன்னால உங்கள அப்படிப் பேசியிருக்கக் கூடாது சிஸ்டர்."

"நானும் வாயுன்னு சொல்லியிருக்கக் கூடாது."

அவருக்குச் சிரிப்பு வந்தது, ஆனால் நிலைக்கவில்லை. "அந்தப் பொண்ணோட வீட்டுக்காரர்கிட்ட சொல்லிடணும். வாங்க, சேந்தே போகலாம்."

லிஃப்ட்காரர் உட்கார்ந்தபடியே கேட்டார். ஊசி தாமதமானதை டாக்டர் மறைக்காமல் சொன்னார்.

"அப்போ அவ போயிருந்தா?" என்றார் அவர்.

அதற்குப் பிறகு அவர் கும்பிடவில்லை. மனைவியை வீட்டுக்கு அழைத்துப் போகும் நாளில், "இனிமே வர்றவங்களையாவது ஒழுங்கா பாருங்க" என்று மட்டும் சொன்னார். கும்பிட்டதைவிட அது பெரிய சிஸ்டருக்கு எவ்வளவோ மேலாக இருந்தது.

தலைமை டாக்டர் எல்லோரையும் கூப்பிட்டு ஒரு பிடி பிடித்தார். அதன்பின் யாருக்கு உத்தரவோ அவரைக் கூப்பிட்டுத்தான் சொல்ல வேண்டும். கேட்டவர் திருப்பிச் சொல்ல வேண்டும். முடித்ததும் 'போட்டாச்சு' என்று சத்தமாகச் சொல்ல வேண்டும். முதலில் எல்லோருக்கும் கூச்சம். ஸ்ட்ரெச்சர் தள்ளுபவர், "டீ வாங்க நான் போறேன், டீ வாங்க நான் போறேன், போயாச்சு" என்று கிண்டலடித்துக்கொண்டே நடப்பார். பெரிய சிஸ்டருக்கு வீட்டிலும் அது ஒட்டிக்கொண்டது. "குழம்புல உப்பு கம்மி" என்றார் கணவர். "உப்பு கம்மி, கேட்டாச்சு" என்றாள். "என்னடி, நக்கலா?" என்று அவர் தட்டோடு எழுந்து வந்துவிட்டார்.

டாக்டரும் அவளும் சிநேகிதமாகிவிட்டார்கள் என்று சொல்ல முடியாது. அவருக்குக் கோபம் குறையவில்லை, அவளுக்கு ரோஷமும் குறையவில்லை. போன வாரம் வயிற்றுவலியோடு வந்த ஒரு பஸ் கண்டக்டரை ஸ்கேனுக்கு அனுப்புவதா, இன்னும் சற்றுப் பார்ப்பதா என்று இருவருக்கும் வாக்குவாதம்.

"எனக்கு அவர் முகம் சரியாப் படல டாக்டர்."

"எனக்கு அப்படித் தோணல சிஸ்டர். இருந்தாலும் சொல்லுங்க, எதனால?"

அவள் சொல்லத் தொடங்கினாள். சுருட்டை முடி டாக்டர் சுவரைப் பார்க்காமல், அவள் முகத்தைப் பார்த்துக் கேட்டுக்கொண்டிருந்தார்.