அம்மாவின் கைரேகை

எங்கள் வீட்டில் முதன்முதலில் படித்து வேலைக்குப் போனவள் நான். ஹட்டனில், சொத்துப் பத்திரங்களை எழுதி அத்தாட்சிப்படுத்தும் ஒரு நொத்தாரிசு ஐயாவிடம் எழுதுவினைஞராக இருக்கிறேன். அவருடைய முத்திரை இருக்கும் மேசையின் சாவி என்னிடம்தான்.

ஐயா நீதிமன்றம் போயிருந்த ஒருநாள், டயகம தேயிலைத் தோட்டத்திலிருந்து அப்பா வந்தார். அம்மாவின் பெயரிலுள்ள வீட்டை அண்ணனுக்கு எழுதும் உறுதிப் பத்திரத்தைக் கொண்டுவந்திருந்தார். அம்மாவின் கைரேகை அதில் ஏற்கெனவே பதிந்திருந்தது.

“ஒங்கம்மா கொழுந்தெடுக்கப் போயிட்டா. நீ சீல் மட்டும் குத்திக் குடு, புள்ள.”

“அம்மா வந்து ஐயாவுக்கு முன்னாடி ரேகை வைக்கணும்ப்பா. இதுல குத்துனா பொய்யாயிரும்.”

“பெத்தவ ரேகையவே நம்ப மாட்டியா? ஒன்னய படிக்க வச்சேன் பாரு!”

நான் மேசையைத் திறக்கவில்லை.

மறுநாள் வேலைக்குப் போகாமல் அம்மா அப்பாவோடு வந்தார். ஐயா உறுதியை நிதானமாக வாசித்துக் காட்டி, “இதுக்கு ஒங்களுக்குச் சம்மதமாம்மா?” என்று கேட்டார். தோட்டத்து ஆபீசிலும் வீட்டிலும் காட்டிய இடத்தில் விரலை வைத்தே பழகியவர் அம்மா. அவரிடம் யாரும் இப்படிக் கேட்டதில்லை. மைப்பெட்டியை நோக்கிப் போன கையை மடிக்கு இழுத்துக்கொண்டார்.

“நான் இருக்குற வரைக்கும் வீடு எம்பேர்லயே இருக்கட்டுங்கய்யா.”

அப்பா என்னோடு பேசச் சில நாளானது. எத்தனையோ உறுதிகளுக்கு அந்த முத்திரையை எடுத்துக் கொடுத்திருக்கிறேன். எடுத்துக் கொடுக்காத அந்த ஒன்றைத்தான் என் பெருமையாக வைத்திருக்கிறேன்.