மலை பஸ்ஸில் 'போச்சு' என்று கத்தாதீர்கள்

ஜமுனாமரத்தூரில் புளிக்கு விலை பேசி முடித்துவிட்டு, மதியம் ஆலங்காயம் பஸ்ஸில் மலை இறங்கிக்கொண்டிருந்தேன். டிரைவருக்குப் பின் சீட்.

இலங்கைக்குப் போயிருக்கும் நம்ம டீமுக்குக் கடைசி ஓவர். எட்டு ரன் வேண்டும், கையில் இரண்டே விக்கெட். வளைவுக்கு வளைவு சிக்னல் வரும், போகும். என் போனில் மட்டும்தான் ஸ்கோர் வந்தது. மொத்த பஸ்ஸும் என் வாயையே பார்த்தது.

கொண்டை ஊசி வளைவில் திரும்பும்போது கத்திவிட்டேன்.

"ஐயோ, போச்சு! போச்சு!"

டிரைவர் பிரேக்கை ஏறி மிதித்தார். ஜன்னலுக்குக் கீழே பள்ளம். ஒரு அம்மாவின் கூடையிலிருந்து சீத்தாப்பழம் உருண்டது.

"இன்னா போச்சு? டயரா?" டிரைவர் கேட்டார்.

"விக்கெட்டுங்க."

"யோவ்! நாப்பது உசுரு இருக்குது இங்க. ஒனக்கு விக்கெட்டு கேக்குதா?"

பழம் பொறுக்கிய அம்மா விடவில்லை. "நசுங்குனத நீயே துன்னு."

தப்பு என்னுடையது. மன்னிப்புக் கேட்டேன், தின்றேன், போனைப் பைக்குள் வைத்தேன்.

அடுத்த வளைவு தாண்டியதும் டிரைவர் திரும்பாமலே சொன்னார்: "சிக்னல் வந்தா சொல்லு. ஓரங்கட்டுறேன்."

ஓரங்கட்டினார். பார்த்தேன். கடைசிப் பந்தில் சிக்ஸர், ஜெயித்துவிட்டோம்!

'பறந்துடுச்சு' என்ற வார்த்தை தொண்டை வரைக்கும் வந்தது. பள்ளத்தைப் பார்த்தேன், விழுங்கிவிட்டேன்.

மலை பஸ்ஸில் ஸ்கோர் சொல்ல ஆபத்தில்லாத வார்த்தை யாரிடமாவது இருக்கிறதா?