படர்தாமரை டாக்டர்

நானும் என் மனைவியும் ஒரு படத்துக்குப் போனால் குறைந்தது நான்கு படங்களாவது பார்த்துவிட்டு வருவோம். திரையில் வருகிறவர்களை, அவர்கள் முன்பு நடித்த வேடங்களோடு சேர்த்தே பார்ப்பது எங்கள் வழக்கம். போன படத்தில் தங்கைக்காக வெட்டுப்பட்டுச் செத்த அண்ணன் இந்தப் படத்தில் பேங்க் மேனேஜராக வந்து உட்கார்ந்தால், "பாவம், செத்தும் வேலைக்குப் போறாரு. வீட்ல என்ன கஷ்டமோ" என்பாள் அவள். நாயகியின் அம்மா நாயகனுக்குக் காபி கொண்டுவருவார். அந்த அம்மா முந்தைய படத்தில் பேய். "குடிக்காதடா, குடிக்காதடா" என்று இரண்டு பேரும் பதறுவோம். அப்பாவி நாயகனைப் போலீஸ்காரர்கள் போட்டு மிதிக்கும்போது, அவனே போன தீபாவளிக்குக் கமிஷனராக வந்தது நினைவுக்கு வந்து, "ஐடி கார்ட எடுத்துக் காட்டித் தொலைடா" என்று நான் கத்தியிருக்கிறேன்.

வீட்டில் எனக்கு நிறையப் படிக்கிறவன் என்ற கெட்ட பெயர் உண்டு. இந்த விளையாட்டுக்குப் பின்னால் பெரிய இலக்கியக் கோட்பாடு இருப்பதாக ஒருநாள் விளக்கப் புறப்பட்டேன். "சும்மா இருங்க, பேய் காபி போடுது" என்றாள்.

எங்கள் ஊருக்கே இந்த வியாதி உண்டு. கடற்கரையை ஒட்டி, பிரெஞ்சுக்காரர்கள் விட்டுப்போன மஞ்சள் சுவர்த் தெருக்கள் பாரீஸாக நடித்திருக்கின்றன, கோவாவாக நடித்திருக்கின்றன, ஒரு படத்தில் என்ன காரணத்தாலோ ஊட்டியாகவும் நடித்தன. அங்கே ஸ்கூட்டரை நிறுத்தினால், சிவப்புத் தொப்பி போலீஸ்காரர் வந்து பாரீஸிலிருந்து வண்டியை எடுக்கச் சொல்வார்.

அந்தத் தெருக்களில் ஒன்றில் நடந்த படப்பிடிப்பில்தான் என் மைத்துனனுக்கு வேடம் கிடைத்தது. மனைவியின் தம்பி. சேதராப்பட்டில் பிளாஸ்டிக் மூடி செய்யும் கம்பெனியில் சூப்பர்வைசர். நல்ல உயரம், நரைத்த கிருதா, கணீரென்ற குரல். இத்தனை இருந்தும் ஊரில் அவனுக்குப் பெயர் படர்தாமரை. சில வருடங்களுக்கு முன் உள்ளூர் கேபிளில் ஒரு தோல் களிம்பு விளம்பரத்தில் நடித்தான். பஸ்ஸில் உட்கார்ந்து கழுத்தைச் சொறிவான். பக்கத்து சீட் பெண் எழுந்து போய்விடுவாள். களிம்பு தடவுவான். பெண் திரும்பி வருவாள். செய்திக்கு நடுவே, பாட்டுக்கு நடுவே, மரண அறிவிப்புக்கு நடுவேகூட அவன் சொறிந்துகொண்டிருந்தான். டீக்கடையில் அவன் நுழைந்தால் பெஞ்சில் இடம் தாராளமாகக் கிடைக்கும்.

இப்போது டாக்டர் வேடம். வெள்ளைக் கோட்டு, ஒரே ஒரு வசனம். படம் வெளிவரும் வாரத்தில் உழவர்கரையில் இருக்கும் எங்கள் வீட்டுக்கு வந்தான்.

"மாமா, இந்தப் படத்தோட அந்தப் பேரு ஒழியணும். இனிமே என்னைப் பாத்தா டாக்டருன்னு கூப்புடணும். நீங்களும் அக்காவும் அந்த வெளாட்டு வெளாடக்கூடாது. கற்பூரம் அடிச்சி சத்தியம் பண்ணுங்க."

பண்ணினோம். அவன் முகம் அப்படி இருந்தது.

முதல் நாள் மாலைக் காட்சி. மைத்துனன் இஸ்திரி போட்ட சட்டையில் எங்கள் இருவருக்கும் நடுவில் உட்கார்ந்திருந்தான். நாங்கள் வாக்குத் தவறாமல் வாயைக் கட்டிக்கொண்டிருந்தோம். போன படத்தில் கடத்தல்காரராக இருந்தவர் இதில் கோயில் குருக்களாக வந்து தட்டை நீட்டியபோது மனைவி என் தொடையைக் கிள்ளியதோடு சரி.

இடைவேளைக்குச் சற்று முன் நாயகனின் அப்பாவை ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். கதவு திறந்தது. மைத்துனன் வந்தான். சத்தியமாகச் சொல்கிறேன், டாக்டர்தான். நானே கூசாமல் நாக்கை நீட்டியிருப்பேன். கண்ணாடியைக் கழற்றினான். "இருபத்துநாலு மணி நேரம் கழிச்சுதான் எதுவும் சொல்ல முடியும்" என்றான். பிறகு ஸ்டெதாஸ்கோப்பை எடுக்கக் கழுத்துக்குக் கையைக் கொண்டுபோனான்.

முன் வரிசையிலிருந்து ஒரு குரல்: "டேய், நம்ம படர்தாமரைடா!"

"டாக்டரே, மொதல்ல உன் கழுத்தப் பாரு!"

"அப்பாவ வேற ஆஸ்பத்திரிக்கி மாத்துங்கப்பா, ஒட்டிக்கப் போவுது!"

திரையில் நாயகன் சுவரில் முட்டிக்கொண்டு அழுதான். தியேட்டர் விசிலடித்துச் சிரித்தது. நாங்கள் பல வருடங்களாக ரகசியமாக விளையாடியதை ஊரே சேர்ந்து, எங்களைவிட நன்றாக விளையாடிக்கொண்டிருந்தது.

விளக்கு போட்டதும் மைத்துனன், "போலாம் மாமா. பின்பக்கமா போயிடலாம்" என்றான். குரலில் கணீர் இல்லை. இந்த மாதிரி நேரத்தில் சொல்வதற்கென்றே நான் ஏராளமாகப் படித்திருக்கிறேன். "சமோசா சாப்புட்றியா?" என்று கேட்டேன்.

மனைவி அவன் கையைப் பிடித்து உட்காரவைத்தாள். சத்தியத்தைக் காற்றில் பறக்கவிட்டாள்.

"டேய், யோசிச்சிப் பாரு. அந்த பஸ்ல ஒரு பொண்ணு எழுந்து போனா இல்ல? அன்னிக்கி அந்தப் பையன் அழுதுகிட்டே வீட்டுக்குப் போறான். நமக்கு வந்த இந்தக் கஷ்டம் ஒருத்தருக்கும் வரக்கூடாதுன்னு வைராக்கியமா படிக்கிறான். டாக்டராவறான். அவன்தான் இவன். ரெண்டும் ஒரே படம்டா. இன்னிக்கிதான் செகண்ட் ஆஃப் வந்திருக்கு."



"ப்ளஸ் டூ கணக்குல ஃபெயிலுக்கா நானு."

"அது நீ. நான் அவன சொல்றேன்."

"ஃபீஸ் யாரு கட்டுனது?"

"களிம்பு கம்பெனிக்காரன்."

அவனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நான் சமோசா வாங்கப் போனேன். அவனும் கூட வந்தான், முன்பக்கமாகவே. பாப்கார்ன் கடை அருகே காக்கிச் சட்டை ஆட்டோக்காரர் ஒருவர் போனோடு வழிமறித்தார்.

"அண்ணே, ஒரு செல்ஃபி. அப்டியே லேசா கழுத்த சொறியிற மாதிரி நில்லுங்கண்ணே."

சுற்றிலும் நான்கைந்து போன்கள் உயர்ந்தன. நான் சமோசாவைப் பார்த்தேன். மைத்துனன் நிமிர்ந்து நின்றான்.

"அதெல்லாம் எப்பவோ கொணமாயிடுச்சி" என்றான். கணீரென்று.

கூட்டம் சிரிக்கவில்லை. ஆட்டோக்காரர் போனை மெதுவாக இறக்கினார். அவனை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு சட்டைக் கையைச் சுருட்டி முழங்கையை நீட்டினார்.

"அப்ப இத கொஞ்சம் பாருங்க டாக்டர்."

என் மைத்துனன் பையிலிருந்து கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டான். அந்தக் கையைப் பிடித்துப் பாப்கார்ன் கடை வெளிச்சத்துக்குத் திருப்பினான்.

"எவ்ளோ நாளா இருக்கு?"