இயேசு தூங்கிய கட்டுமரம்

ஐம்பதுகளில் செங்கல்பட்டு வேதாகமப் பள்ளியில் எங்களுக்குச் சுவிசேஷம் நடத்திய போதகர், மத்தேயுவும் லூக்காவும் மாற்கைப் பார்த்துத்தான் எழுதினார்கள் என்று அடித்துச் சொல்வார். புயலின்போது இயேசு படகில் தலையணை வைத்துத் தூங்கினார் என்கிறார் மாற்கு. மற்ற இருவரும் அந்தத் தலையணையை உருவிவிட்டார்களாம்.

பரீட்சையில் அந்தப் புயலையே எழுதச் சொன்னார். நான் மாமல்லபுரம் கடற்கரையில் வளர்ந்தவன். படகு என்றாலே கட்டுமரம்தான் கைக்கு வந்தது. இயேசுவை அதன்மேல் தூங்கவைத்து, அலை அடித்து அது தண்ணீரால் நிரம்பியது என்று எழுதினேன். நாலு கட்டையைக் கயிற்றால் கட்டியதில் தண்ணீர் எங்கே நிரம்பும்? நான் நிரப்பினேன். பக்கத்தில் உட்கார்ந்திருந்த படாளம் ஊர்க்காரன் கடலையே பார்க்காதவன். என் விடையில் ஒரு வரியைக்கூடச் சொந்த மூளையால் கெடுக்காமல் எழுதிவைத்திருந்தான்.

போதகர் இரண்டு தாளையும் எங்கள் முன்னால் போட்டார். "இன்னாடா இது, காப்பியா?"

படாளத்துக்காரன் அசரவில்லை. "இன்னா அய்யா, மத்தேயு பாத்து எழுதினா வேதம், நான் பாத்து எழுதினா காப்பியா?"

வகுப்பே சிரித்தது. போதகர் மடங்கிவிட்டார் என்றுதான் நானும் நினைத்தேன். அவர் நிதானமாகக் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டார்.

"மத்தேயு ஒரு தலையணையையே வாணாம்னு உட்டுட்டு வந்தாரு. நீ கட்டுமரத்தையே தூக்கிக்கினு வந்துகீறியேடா!"