பீரோ நிற்காத மூடி

முடிச்சக்கா அந்தக் கடைக்குள் நுழையும்போதே முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டுதான் நுழைந்தாள். சுவர் முழுக்க வண்டிச் சாமான்கள். ஹாரன், மிதியடி, இருக்கை உறை, எதற்கென்றே புரியாத நீல விளக்கு. இதில் ஒன்றுகூட இல்லாமல் இருபத்தாறு வருஷம் வண்டி ஓடியிருக்கிறது, இன்றைக்கு மட்டும் என்ன கேடு வந்தது என்று அவளுக்கு எரிச்சல். கேடு எங்கே வந்தது என்பதும் அவளுக்குத் தெரியும். வலது கைக் கட்டைவிரலில் வந்திருந்தது.

வீடு மாறுகிறவர்களின் சாமான்களைப் பிக்கப் வண்டியில் ஏற்றிப்போவது அவளும் வீட்டுக்காரரும் சேர்ந்து செய்யும் தொழில். அவர் ஓட்டுவார். அவள் கட்டுவாள். அவளுடைய அப்பா பஞ்சுக் கிடங்கில் மூட்டை கட்டியவர், அங்கே வேடிக்கை பார்த்தே கயிறு அவள் சொன்ன பேச்சைக் கேட்கும்படி ஆகிவிட்டது. அவள் போட்ட முடிச்சு வழியில் தளராது. இறங்கியதும் ஒரே இழுப்பில் அவிழ்ந்துவிடும். சாமான் ஏற்றிய ஜனங்கள் வைத்த பெயர்தான் முடிச்சக்கா. இப்போது அவளைவிட வயதில் பெரியவர்களும் அப்படித்தான் கூப்பிடுகிறார்கள்.

தொழில் தொடங்கிய முதல் வாரம் வீட்டுக்காரரும் கட்டிப் பார்த்தார். ஒரு மேஜைக்கு அரை மணி நேரம் மல்லுக்கட்டி, வியர்த்து வழிய ஒரு முடிச்சுப் போட்டார். அவள் பக்கத்தில் வந்து, அவர் கண் முன்னாலேயே அதை அவிழ்த்துவிட்டுத் தானே கட்டினாள். அதற்குப் பிறகு அவர் கயிற்றைத் தொட்டதில்லை. அவருக்கு அதில் ஆர்வமில்லை என்றுதான் இன்றுவரை எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறாள்.

அது ஒரு காலம். முதலில் வாங்கிய பழைய வண்டிக்குக் கதவு சரியாகச் சாத்தாது, மழை பெய்தால் அவள் மடி நனையும். ஒரு தடவை ஒரு வீட்டின் மீன் தொட்டியை, மீனோடும் பாதித் தண்ணீரோடும், மடியில் வைத்துக்கொண்டு ஊர்க்கோடி வரை போனாள். அந்த வீட்டுக் குழந்தை கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு வண்டியின் பின்னாலேயே சைக்கிளில் வந்தது. ஒரு மெத்தையும் ஒரு மேஜை மின்விசிறியும் மட்டும் வைத்திருந்த புதுத் தம்பதியை ஒரு மாடி அறைக்குக் கொண்டுவிட்டார்கள். ஆறு வருஷம் கழித்து அதே தம்பதிக்கு மூன்று நடை அடிக்க வேண்டியிருந்தது. மனைவியை இழந்த ஒரு பெரியவர், அந்த அம்மாவின் தையல் மிஷின் வண்டியின் பின் தொட்டியில் குலுங்கக் கூடாது என்று அடம்பிடித்தார். சரி என்று மிஷினை முன் இருக்கையில் உட்காரவைத்துப் பெல்ட் போட்டுவிட்டு, அவளும் பெரியவரும் பின்னால் மூட்டைகளோடு உட்கார்ந்து போனார்கள். வழியெல்லாம் அவர் அந்த அம்மாவைப் பற்றியே பேசினார். அந்தப் பிரயாணத்தை நினைத்தால் இன்றைக்கும் அவளுக்கு நெஞ்சு நிறைந்துபோகும்.

எப்போதும் கட்டி முடித்ததும் வண்டியின் பக்கத்தில் இரண்டு தட்டு தட்டுவாள். அந்தச் சத்தம் கேட்காமல் வீட்டுக்காரர் சாவியைத் திருப்பியதே கிடையாது. ஏழு வாரத்துக்கு முன்னாலும் அப்படித்தான் தட்டினாள். ஆனால் முடிச்சை இறுக்கும்போது கட்டைவிரல் கைவிட்டது அவளுக்குத் தெரியும். தெரிந்தும் தட்டினாள். முதல் திருப்பத்தில் ஒரு மர நாற்காலி ரோட்டில் விழுந்து கால் முறிந்தது. பின்னால் யாரும் வராதது அவர்கள் செய்த புண்ணியம். வீட்டுக்காரர் இறங்கிப் பார்த்துவிட்டு, "ரோடு ரொம்ப மோசம்," என்றார். ரோடு வழவழவென்று இருந்தது. அவர் சொன்ன பொய் அவளைச் சுட்டது.

அதற்குப் பிறகுதான் இந்தக் கடைப் பேச்சு. கடைக்காரர் காதில் பென்சில் செருகிய நாற்பது வயது ஆள். நல்ல வாய். வண்டித் தொட்டிக்குச் சுருட்டி வைக்கும் ரெக்சின் மூடியைக் காட்டினார், இழுத்தால் கடை ஷட்டர் மாதிரி வரும் அலுமினிய மூடியைக் காட்டினார். சுவரோரம் சாய்த்து வைத்திருந்த கெட்டியான ஒற்றைப் பலகை மூடியையும் காட்டினார். வீட்டுக்காரர் நேராக அந்தப் பலகையிடம் போய் அதைத் தடவிக்கொடுத்தார்.

"இதே நல்லாருக்கு. இதையே போட்டுடுங்க," என்றார்.

முடிச்சக்காவுக்கு மூக்கில் வியர்த்தது. ஒரு ஜோடி செருப்பு எடுக்க மூன்று கடை ஏறி இறங்குகிற மனிதர், இவ்வளவு பெரிய சாமானை இரண்டு நிமிஷத்தில் எடுக்கிறாரா?

"இதை மாட்டிட்டா பீரோவை எங்கே நிறுத்துறது?" என்று கேட்டாள்.

"பீரோவா?" கடைக்காரர் சிரித்தார். "தொட்டி விளிம்புக்கு மேலே எதுவும் வரக்கூடாதுங்கக்கா. போல்ட் போட்டு முடுக்கிட்டா கழட்டவும் ரெண்டு ஆள் வேணும். இது பெட்டி, பார்சல் ஏத்துறவங்களுக்கு. அண்ணன் போன வாரம் அளவெடுக்க வந்தப்போ பார்சல் வேலைன்னுதானே சொன்னாரு?"

அண்ணன் கூரையைப் பார்த்தார். கூரையில் ஒன்றுமில்லை. கடைக்காரர் விஷயத்தைப் புரிந்துகொண்டு, போல்ட் பெட்டியைத் திறந்து ரொம்ப அவசியமானதைப்போல எதையோ தேட ஆரம்பித்தார்.

"போன வாரம் வந்தீங்களா?"

வீட்டுக்காரர் மென்று முழுங்கினார். "மருந்து கம்பெனி பார்சல். எல்லாம் சின்னச் சின்னப் பெட்டி. உள்ளே வெச்சு மூடிப் பூட்டிட்டா தீர்ந்தது. கட்டவே வேணாம். நாளைக்குள்ள வரேனா இல்லையான்னு சொல்லணும்."

"நான்?"

"நீ வீட்டுல இரு. கொஞ்சம் ரெஸ்ட் எடு."

"ரெஸ்ட் வேணும்னு நான் எப்போ கேட்டேன்?"

"காலைல வெந்நீர்ல கையை விட்டுக்கிட்டு உக்காந்திருக்கியே, நான் தூங்குறேன்னு நினைச்சியா?"

அவர் எழுந்துவிடக் கூடாதென்று குழாயைக்கூட நூலளவுதான் திறப்பாள். இத்தனை நாளும் அவர் கண்ணை மூடிக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்திருக்கிறார். பாதிக் கோபம் அங்கேயே போய்விட்டது. மீதிப் பாதி கோபமே இல்லை, பயம். வீட்டில் உட்காருவது என்றால் என்ன? கதவைச் சாத்திக்கொண்டு, பாத்திரம் கழுவி, துணி மடித்து, பிறகு சாயங்காலம் வரை? இருபத்தாறு வருஷமாக அவள் பகல்கள் அந்த முன் இருக்கையில், அந்த மனிதருக்குப் பக்கத்தில் கழிந்திருக்கின்றன. அவர் இல்லாத பகல் எப்படியிருக்கும் என்றே அவளுக்குத் தெரியாது. ஒரு மூடியை மாட்டினால் அவள் வண்டியிலிருந்து இறங்கியாக வேண்டும். விஷயம் அவ்வளவுதான்.

"கட்டுறதுக்கு வேற என்ன இருக்கு, காட்டுங்க," என்றாள் கடைக்காரரிடம்.

அவர் ரெயில்களை எடுத்தார். நீளமான அலுமினியச் சட்டம், நடுவில் பள்ளம். அந்தப் பள்ளத்தில் கொக்கி ஓடும், வேண்டிய இடத்தில் நிறுத்திப் பூட்டலாம். கொக்கியில் ராட்செட் பெல்ட்டை மாட்டிக் கைப்பிடியை முன்னும் பின்னும் ஆட்டினால் தானாக இறுகும். முடிச்சே கிடையாது. வெளியே வேறொரு வண்டியில் மாட்டியிருந்ததைக் காட்டினார். முடிச்சக்கா ஆட்டிப் பார்த்தாள். கறுக் கறுக்கென்று இறுகியது. அவள் முகம் மலர்ந்துவிட்டது.

"இப்போ கழட்டுங்க," என்றார் கடைக்காரர். "அந்தச் சின்ன நாக்கை விரலால இழுத்துப் பிடிச்சுக்கிட்டு கைப்பிடியைப் பின்னால மடக்கணும்."

நாக்கு நகரவில்லை. இடது கையால் முயன்றாள். இரண்டு கையாலும் முயன்றாள். வலி முழங்கை வரை ஏறியது, கண்ணில் தண்ணீர் முட்டியது. இறுகியது இறுகியபடி இருந்தது.

"இது கொஞ்சம் பழசு, டைட்டா இருக்கும்," என்றார் கடைக்காரர். அவரும் ஒரு ரோடு மோசம் சொன்னார்.

அவள் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டாள். "அந்த மூடியையே போடுங்க," என்றாள்.

சொல்லிவிட்டாள். கடைக்காரர் வீட்டுக்காரரைப் பார்த்தார். வீட்டுக்காரர் தங்கள் வண்டியிடம் போய், தொட்டியின் விளிம்பில் கை வைத்துக்கொண்டு நின்றார். இந்த வண்டி வந்த பதினேழு வருஷமாகக் கயிறு உராய்ந்து உராய்ந்து அந்த விளிம்பில் அங்கங்கே பெயிண்ட் போய்த் தகரம் பளபளத்தது.

"இது பீரோ," என்றார், ஒரு தேய்ந்த இடத்தைத் தொட்டு. "பீரோன்னா கயிறு இங்கேயிருந்து குறுக்கே அங்கே போகும், திரும்ப அடியில வரும். இது ஃபிரிட்ஜ். இது கட்டில் கால். இங்கே ரெண்டு கோடு இருக்கு பாரு, இது அந்த மாடி வீட்டுக்காரங்களோட கண்ணாடி மேஜை. அன்னிக்கு மட்டும் நீ புதுசா ஒரு மாதிரி கட்டின."

முடிச்சக்கா குனிந்து அவர் தொட்ட இடங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தாள். ஒரு இடம்கூடத் தப்பில்லை.

"உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"வண்டிக் கண்ணாடியில பார்த்துக்கிட்டுதானே உக்காந்திருக்கேன், இத்தனை வருஷமா." பிறகு கடைக்காரரிடம் திரும்பி, "மூடி வேணாங்க. ரெயில் போடுங்க," என்றார்.

"யாரு கட்டுறது?" என்றாள் அவள்.

"நான்."

"ஷூ கயிறு அவிழும்னுதான் நீங்க ஜென்மத்துக்கும் செருப்பு போடுறீங்க. நீங்க பீரோ கட்டுறீங்களா?"

"நீ எப்போ விட்ட?"

சட்டென்று கேட்டுவிட்டார். அதில் சண்டை இல்லை, வெறும் கேள்விதான். ஆனால் இருபத்தாறு வருஷமாக அவர் அதை வைத்துக்கொண்டிருந்திருக்கிறார். அரை மணி நேரம் போராடிப் போட்ட அந்த ஒரு முடிச்சும், அதை அவள் அவிழ்த்தபோது பக்கத்தில் நின்ற அந்த இளவயது முகமும் அவள் ஞாபகத்துக்கு வந்தன. அப்போது அந்த முகத்தை அவள் பார்க்கக்கூட இல்லை. அவளுக்கு வெட்கமாக இருந்தது.

"ரெண்டு பக்கம் போதுமாக்கா?" என்று கடைக்காரர் சமயம் பார்த்து நுழைந்தார்.

"ரெண்டு பக்கம் போட்டா பீரோ முன்னால சாயும். கேபினுக்குப் பின்னால, தொட்டிச் சுவத்துலயும் ஒண்ணு போடுங்க," என்றாள். குரல் பழையபடி வந்துவிட்டது. "வெறும் தகரத்துல திருகாதீங்க, பிரேக் போட்டா பிச்சுக்கிட்டு வந்துடும். அடியில பட்டை இருக்கு பாருங்க, அதுல போல்ட் போடுங்க. மேலே அந்தச் சுருட்டுற மூடி. பீரோ ஏறுற அன்னிக்குச் சுருட்டிக் கட்டிடலாம், மழைக்கு விரிச்சுக்கலாம்."

கடைக்காரர் சுண்ணக்கட்டியை அவளிடமே கொடுத்துவிட்டார். எங்கெங்கே துளை என்று அவள் குறித்தாள், அவர் டிரில்லை எடுத்தார். அந்த நேரத்தில் வீட்டுக்காரர் பெல்ட்டைக் கையில் எடுத்துப் பழக ஆரம்பித்தார். நுனியைத் தப்பான பக்கம் நுழைத்தார். இழுத்தார், வரவில்லை. திருப்பி நுழைத்தார், சிக்கிக்கொண்டது. முடிச்சக்காவின் கை தானாக நீண்டது. பாதி வழியில் அதை மடக்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள்.

"அடியிலேருந்து விடுங்க. ம். இப்போ மேலே எடுங்க. அவசரப்படாதீங்க, அது எங்கேயும் ஓடிடாது."

நான்காவது தடவை கறுக்கென்று பிடித்தது. அவர் நிமிர்ந்து பார்த்த பார்வையை என்னவென்று சொல்ல! பரீட்சையில் பாஸான பையன் தோற்றான்.

"தளர்வா இருக்கு," என்றாள். "மறுபடி போடுங்க."

அவர் மறுபடி போட்டுக்கொண்டிருக்கும்போது போன் அடித்தது. மருந்து கம்பெனி ஆள்தான். பெல்ட்டை விடாமல், போனைத் தோளுக்கும் காதுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டு பேசினார்.

"வணக்கங்க. ஆமாங்க, நானே கூப்பிடணும்னு இருந்தேன். எங்களால வர முடியாதுங்க." அந்தப் பக்கம் என்னவோ நீளமாகச் சொல்லப்பட்டது. "இல்லீங்க, வேலை பிடிக்காம இல்ல. வண்டியில நாங்க ரெண்டு பேருங்க." மறுபடியும் அந்தப் பக்கம். "புரியுதுங்க, உங்களுக்கு ஒரு ஆள் போதும். எனக்குப் போதாதுங்க."

டிரில் சத்தம் எப்போதோ நின்றிருந்தது. முடிச்சக்கா வண்டியின் பின்பலகையில் உட்கார்ந்து, நட்டநடுப் பகலில், கடைக்காரர் பார்க்கப் பார்க்க, முகத்தை மூடாமல் அழுதாள்.