மேனேஜர் மாமாவின் துண்டு

எங்கள் ஊரில் பந்து உதைத்துக் கூலி வாங்கிய முதல் மனிதர் என் மாமா, அம்மாவின் தம்பி. அவருக்கு முன்பு எங்கள் ஊர்க்காரர்கள் பந்து உதைத்து வாங்கியதெல்லாம் வீட்டில் அடிதான். திருக்கழுக்குன்றத்துக்கும் மாமல்லபுரத்துக்கும் நடுவில் இருந்த எங்கள் ஊருக்கு அப்போது அணி என்று ஒன்று கிடையாது. அதனால் மாமா ஆறு வருடம் கடற்கரைக் குப்பத்து அணிக்கு ஆடினார். ஓர் ஆட்டத்துக்கு பஸ் காசு, பிரியாணி, கையில் கொஞ்சம் பணம். முட்டி போனதும் வீட்டுக்கு வந்துவிட்டார். அதற்குள் எங்கள் ஊர் இளைஞர் மன்றமும் ஓர் அணி சேர்த்திருந்தது. பயிற்சி கொடுக்கக் கூப்பிட்டபோது மாமா ஒரே ஒரு நிபந்தனைதான் போட்டார்: தன்னை எல்லாரும் 'மேனேஜர்' என்று சொல்ல வேண்டும்.

அதற்குக் காரணம் அவர் பர்ஸில் இருந்த ஒரு செய்தித்தாள் துண்டு. பந்தாடிச் சம்பளம் வாங்குவதைக் கேவலமாக நினைத்த அந்தக் காலத்து இங்கிலாந்தில், துணிந்து சம்பளம் வாங்கிய ஒருவர், கால் ஓய்ந்த பிறகு அணிக்கே மேனேஜர் ஆனாராம். மடித்து மடித்து, மடிப்பில் இருந்த அவருடைய பெயர் அழிந்துபோயிருந்தது. மாமா அதைப் பற்றிக் கவலைப்படவில்லை. அந்த இடத்தில் தன் பெயரை வைத்துப் படித்துக்கொண்டார் என்று நினைக்கிறேன்.

"மேனேஜர்னா பேங்குல கீறவருதான?" என்றார் அம்மா. "நீ மொதல்ல போயி பால் பாக்கெட் வாங்கினு வா."

அந்த வருடம் எங்கள் அணி இறுதி ஆட்டம் வரை போய்விட்டது. எதிரணி, மாமா ஆறு வருடம் ஆடிய அதே குப்பத்து அணி. ஊர் பாதியாகப் பிரிந்தது. அவர்களின் பிரியாணியைத் தின்ற வயிறு சும்மா இருக்குமா என்று ஒரு பாதி கேட்டது. மன்றத் தலைவர் அந்தப் பாதி. ஹார்டுவேர் கடைக்காரர், தராசில் நிறுத்த ஆணியையும் சந்தேகப்படுவார். ஜெயித்தால் மாமா தொடர்ந்து மேனேஜர், ஏதாவது கோல்மால் தெரிந்தால் அந்த நிமிடமே வெளியே என்று மாமாவின் முகத்துக்கு நேராகவே சொல்லிவிட்டார்.

பிறகு என்னைக் கடைக்குக் கூப்பிட்டார். அப்போது எனக்குப் பத்து வயது. வகுப்பில் பேசுபவர்களின் பெயரைக் கரும்பலகையில் எழுதும் பொறுப்பு என்னுடையது. பேசாதவர்கள் பெயரையும், இனி பேசக்கூடும் என்ற முன்யோசனையில் எழுதிவைப்பேன். இந்தப் புகழ் கடைத்தெரு வரை எட்டியிருந்தது.

"பாப்பா, உங்க மாமன் யாராண்ட பேசறான், இன்னா பண்றான், அல்லாத்தையும் பாத்துகினே இருக்கணும். கண்ண இப்டி அப்டி திருப்பக் கூடாது. ரோஸ் மில்க் வாங்கித் தரேன்."

ரோஸ் மில்க் இல்லாவிட்டாலும் செய்திருப்பேன். அதை அவரிடம் சொல்லவில்லை.

சவுக்குத் தோப்பை ஒட்டிய மணல் திடலில் ஆட்டம். ரஃப் நோட்டில் குறித்துக்கொண்டே வந்தேன். மாமா எதிரணி கேப்டனைக் கட்டிப்பிடித்தார். அவர்கள் கொடுத்த வறுத்த மீனைத் தின்றார். எனக்கும் ஒரு துண்டு கொடுத்தார், தின்றேன். அதைக் குறிக்கவில்லை.

ஆட்டம் சமனில் முடிந்தது. அணிக்கு மூன்று பெனால்டி. கோலின் ஒரு கம்பம் கடல் பக்கம், இன்னொன்று தோப்புப் பக்கம். மாமா நடுக்கோட்டருகே கோலைப் பார்த்தபடி நின்றார். அவருடைய கழுத்து நரம்பு துடிப்பதை நான் பார்த்தேன். திருட்டுத்தனம் செய்பவர்களுக்குத்தான் நரம்பு துடிக்கும் என்று எனக்குத் தெரியும்.

எங்கள் பையன் முதலில் அடித்தான், கோல். அடுத்து அவர்கள் ஆள் ஒருவன் பந்தோடு மாமாவைத் தாண்டிப் போகும்போது, "இன்னா மச்சான், சௌக்கியமா?" என்று கண்ணடித்தான். மாமா தோளில் கிடந்த துண்டை எடுத்துக் கடல் பக்கத் தோளில் போட்டார். பந்து கடல் பக்கமாகப் போய் கோலுக்குள் விழுந்தது.

இரண்டாவது உதையும் எங்களுக்குக் கோல். அவர்களின் அடுத்த ஆள் சிரித்துக்கொண்டே மாமாவைத் தாண்டினான். துண்டு தோப்புப் பக்கத் தோளுக்கு மாறியது. பந்தும் தோப்புப் பக்கம். கம்பத்தில் பட்டு உள்ளே போனது.

எனக்கு மயிர்க்கூச்செடுத்தது. எதிரணிக்காரனுக்கு எந்தப் பக்கம் அடிக்க வேண்டும் என்று மாமா வழி காட்டிக்கொண்டிருந்தார்!

எங்களுடைய மூன்றாவது உதை கம்பத்துக்கு வெளியே போனது. இனி அவர்கள் கேப்டன் அடித்துவிட்டால் எல்லாம் முடிந்தது. அவன் பந்தைக் கையில் எடுத்தான். நான் ஓடினேன். மணலில் ஒரு செருப்பு போனது, விட்டுவிட்டு ஓடினேன்.

"மாமா துண்டுல சைகை காட்டுது! அவங்க அதே பக்கம் அடிக்கறாங்க!"

தலைவர் நேராகப் போய் மாமாவின் துண்டைப் பிடுங்கினார். இரண்டு பேர் மாமாவை எல்லைக் கயிற்றுக்குப் பின்னால் தள்ளினார்கள்.

"அண்ணாத்த, இது ஒண்ணு முடியட்டும். அப்புறம் என்ன வெட்டிப் போடுங்க. ஒரே நிமிஷம்!" மாமா கத்தினார். தலைவர் அவருக்கு முன்னால் வந்து முதுகைக் காட்டி நின்றுகொண்டார். பெரிய முதுகு.

கேப்டன் பந்தை வைத்தான். எங்கள் கீப்பர் நடுக்கோட்டைப் பார்த்தான். எட்டிப் பார்த்தான். கையை நெற்றியில் வைத்துத் தேடினான். விசில் ஊதிவிட்டது. அவன் தோப்புப் பக்கம் பாய்ந்தான். பந்து கடல் பக்கமாக உருண்டு போனது. அவ்வளவு மெதுவான பந்து. நான்கூட நடந்து போய் எடுத்திருப்பேன்.

கீப்பர் எழுந்து, மணலைக்கூடத் தட்டாமல், தலைவரிடம் ஓடி வந்தான். "மேனேஜர் எங்கய்யா? எவன் எந்தப் பக்கம் அடிப்பான்னு அவங்ககூட ஆடின அவருக்குத்தான தெரியும்! ஆள் வர வர துண்டுல காட்டறேன்னாரு. ரெண்டு வாட்டியும் செரியான பக்கந்தான் வுழுந்தேன், வெரல்ல பட்டுப் போச்சு. இத நான் புடிச்சிருப்பேன்!"

"முன்னாடியே ஏண்டா சொல்லல?" என்றார் தலைவர்.

"நம்மூரு பொண்ணுங்க பாதி பேரு அந்தக் குப்பத்துலதான் வாக்கப்பட்டுகீறாங்க. உங்களாண்ட சொன்னா சாயங்காலமே அங்க தெரிஞ்சிடாது?"

தலைவர் கொஞ்ச நேரம் கையில் இருந்த துண்டையே பார்த்தார். தப்பு தன்னுடையது என்று தெரிந்துவிட்டவர்களுக்கு வரும் கோபம் தனி ரகம். "கூலிக்கு உதைச்சவன கொண்டாந்து வச்சா இப்டித்தான். இனிமே நீ மேனேஜரும் இல்ல, ஒரு மண்ணும் இல்ல" என்று துண்டை மணலில் எறிந்தார்.

"எவன் போட்டுக் குடுத்தான்?" கீப்பர் சுற்றிலும் பார்த்தான்.

நான் பெருமையாகக் கையைத் தூக்கப் போனேன். மாமா என் கையைப் பிடித்துக்கொண்டார். "வெயில்ல யாரோ தப்பா பாத்துட்டாங்க, வுட்றா" என்றார். குனிந்து துண்டை எடுத்து உதறினார். பிறகு என் செருப்பைத் தேடி எடுத்துவந்தார். ரோஸ் மில்க்கை யாரும் ஞாபகப்படுத்தவில்லை. ஜெயித்திருந்தால் கிடைத்திருக்கும், பாழாய்ப்போன கீப்பர் கெடுத்துவிட்டான் என்று நினைத்துக்கொண்டேன்.

மொபெட்டில் மாமாவுக்கு முன்னால் நின்றுகொண்டு வந்தேன். சாலையின் இரண்டு பக்கமும் சவுக்கு. பாதி வழியில் மாமா கேட்டார்:

"பாப்பா, அவங்க அடிக்கும்போது நம்ம கீப்பர பாத்தியா நீ? எந்தப் பக்கம் வுழறான்னு?"

"இல்ல மாமா," என்றேன், கொடுத்த வேலையைப் பிசகாமல் செய்த மிடுக்கோடு. "உன்ன மட்டுந்தான் பாத்துகினு இருந்தேன்."

மாமா சிரிக்க ஆரம்பித்தார். வண்டி ஆடுகிற அளவுக்குச் சிரித்தார். ஹேண்டில்பாரைப் பிடித்திருந்த என் கையில் ஒரு சொட்டு விழுந்தது. மழை வருகிறது மாமா, சீக்கிரம் ஓட்டு என்று சொல்லிவிட்டு, நானும் அவரைவிடச் சத்தமாகச் சிரித்தேன்.