சந்தாபுராவிலிருந்து ஆஸ்டின் டவுன்: ஒரு பீங்கான் பல்லுக்காக

2006 ஜூலையில் ஒரு சனிக்கிழமை கிளம்பினேன். ரூட் கெனால் செய்து எட்டு மாதமான மேல்வரிசைப் பல், முந்தின நாள் வறுகடலை தின்னும்போது பாதியாக உடைந்துவிட்டது. வலி போனதும், பல்லுக்கு மேல் மாட்டும் பீங்கான் கேப்பைப் போடாமல் விட்ட புத்திசாலி நான்.

பெங்களூருவின் ஓரத்தில் இருக்கும் சந்தாபுராவில் காலை 8.10க்குப் பேருந்து. சாந்திநகர் வரை பன்னிரண்டு ரூபாய், ஒன்றே முக்கால் மணி நேரம். அதில் பாதி சில்க் போர்டு சிக்னல் நெரிசலிலேயே போனது. பக்கத்து சீட்காரர் என் தோளில் சாய்ந்து தூங்கிவிட்டார். அந்த வாரம் முழுக்க எனக்கு அவ்வளவு பக்கத்தில் யாரும் வரவில்லை. எழுப்ப மனமில்லை.

அங்கிருந்து ஆஸ்டின் டவுனுக்கு ஆட்டோ, இருபது ரூபாய். கிளினிக்கில் டாக்டரம்மா மிச்சமிருந்த பல்லை அளந்தார். பிடுங்குவதா, காப்பாற்றுவதா என்பது அந்த அளவில்தான் இருந்தது.

“பீங்கான் ஸ்ட்ராங்குதாங்க. ஆனா அது புடிச்சு நிக்க, ஈறுக்கு மேல சுத்திலும் ரெண்டு மில்லிமீட்டராவது சொந்தப் பல்லு வேணும். உங்களுக்கு ஜஸ்ட் இருக்கு. இன்னும் விட்டிருந்தா புடுங்கறதுதான்.”

“எத்தன வருஷம் வரும் டாக்டர்?”

“கேப்பு சீக்கிரம் போகாது. உள்ள இருக்கற பல்லு உடையாம பாத்துக்கோங்க.”

பிறகு நிறம் பார்க்க என்னை ஜன்னலோரம் நிறுத்தி, வரிசையாகச் சின்னப் பீங்கான் பற்கள் செருகிய பட்டையை என் உதட்டருகே பிடித்தார்.

“கூட வந்தவங்கள கூப்டுங்க. தினமும் உங்கள பாக்கறவங்களுக்குத்தான் கலர் கரெக்டா தெரியும்.”

“யாரும் வரல.”

“ஃப்ரெண்டு யாராவது? போன் பண்ணுங்க, வெயிட் பண்றேன்.”

பெங்களூரு வந்து அப்போது மூன்று வருடம் ஆகியிருந்தது. போனில் பெயர் தேடுவதுபோல் நடித்தேன். கூப்பிட ஒருவரும் இல்லை. அழுகை வந்தது, வெட்கமாகவும் இருந்தது.

டாக்டரம்மாவுக்குப் புரிந்திருக்க வேண்டும். வெளியே காத்திருந்த ஒரு அக்காவைக் கூப்பிட்டார். அவர் என் தாடையைப் பிடித்து வெளிச்சத்துக்குத் திருப்பினார்.

“கொஞ்சம் சிரிப்பா.”

சிரித்தேன்.

“வெள்ள வேணாம் டாக்டர், தனியா தெரியும். அந்த மஞ்சளா இருக்கறத போடுங்க. தம்பி டீ நெறைய குடிக்கும் போல.”

நாளைக்கு ஏழு டீ குடிப்பேன். இந்த ஊரில் அதைக் கண்டுபிடித்த முதல் ஆள் அவர்தான்.

அடுத்த சனிக்கிழமை கேப் போட்டார்கள். இரண்டு வருடமாக நிற்கிறது. எது பீங்கான் என்று எனக்கே சட்டென்று தெரிவதில்லை.

போகிறவர்களுக்கு: ரூட் கெனால் முடிந்தால் கேப்பைத் தள்ளிப்போடாதீர்கள். நிறம் பார்க்கப் பகலிலேயே போங்கள், கூட ஒருவரை அழைத்துக்கொள்ளுங்கள். அப்படி யாரும் இல்லையென்றால் இந்தப் பதிவுக்குக் கீழே ஒரு வரி எழுதுங்கள், நான் வருகிறேன். சனிக்கிழமைகளில் சும்மாதான் இருக்கிறேன்.